பனியில்லாத் தரையில் உருவான வேகம்: ஐஸ் ஹொக்கி நிலப்பயிற்சியின் வரலாறு

ஐஸ் ஹொக்கி என்பது, உறைந்த நீர்ப்பரப்பின்மேல் எஃகு அலகு பொருத்திய சறுக்குக் காலணிகளுடன் இரு அணிகள் வளைகோல்களால் ஒரு கடினமான இறப்பர் வட்டைச் செலுத்தி ஆடும் ஆட்டமாகும். ஆட்டக்காரர் ஒருவர் மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்று, சட்டென நின்று, திசைமாறி, மீண்டும் அவ்வேகத்தை எட்ட வேண்டியிருப்பதால், மனிதர் தம் கால்வலுவைக்கொண்டு ஆடும் குழு ஆட்டங்களுள் மிக விரைவானவற்றில் ஒன்றாக இது கருதப்படுகிறது. அவ்வேகத்தையும் அதற்கு அடிப்படையான வலுவையும் பனித்தளத்துக்கு வெளியே, வெறுந்தரையிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் ஈட்டிக்கொள்ளும் முறைகள் அனைத்தும் இங்கு நிலப்பயிற்சி எனக் குறிக்கப்படுகின்றன. இன்று எந்தப் பெரிய அணியும் கைவிடாத இந்நிலப்பயிற்சி, பனி மலிந்த கனடாவில் அன்றி, முழு அளவிலான செயற்கைப் பனித்தளம் ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மொஸ்கோவிலேயே முறையான கல்வியாக உருப்பெற்றது என்பதே இவ்வரலாற்றில் முதன்மையாகக் கவனிக்கத்தக்கது.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதியில், வாகரையை உள்ளடக்கிய கோறளைப்பற்று வடக்கில், வங்காள விரிகுடாவுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த பனிச்சங்கேணி போன்ற ஊர்களில் உறைந்த நீர் என்பது மீனும் இறாலும் கெடாதிருக்கப் பெட்டிகளில் இடப்படும் ஐஸாகவே அறியப்பட்டுள்ளது. அங்குள்ள வாசகருக்கு இவ்வாட்டம் தொலைவானதே; எனினும், போர்க்காலத்தில் கிழக்கிலங்கையிலிருந்தும் வடக்கிலிருந்தும் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் இவ்வாட்டத்தின் நடுவே வளர்கின்றனர் என்பதாலும், பனியே இல்லாத இடத்தில் செய்யக்கூடிய பயிற்சியின் வரலாறு இது என்பதாலும், களப்புக்கரை மக்கள் இதனை அந்நியமானதாகக் கருதவேண்டியதில்லை.

முதலில் சறுக்கலின் இயக்கமுறையை விளங்கிக்கொள்வது அவசியம். ஓடுபவர் தரையைப் பின்னோக்கி உதைத்து முன்செல்கிறார். ஆனால் பனிக்கும் எஃகு அலகுக்கும் இடையிலான உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.005 அளவே ஆதலால், அலகின் நீளவாக்கில் பின்னோக்கி உதைத்தால் கால் வழுக்கிப் பின்செல்லுமேயன்றி உடல் முன்செல்லாது. அலகு தன் நீளத்தின் வழியே தடையின்றிச் சறுக்கும். பக்கவாட்டிலோ அதன் விளிம்பு பனியைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். எனவே சறுக்குபவர் காலை வெளிப்புறமாகத் திருப்பி, அலகுக்குச் செங்குத்தான திசையில், அதாவது பெரும்பாலும் பக்கவாட்டில், உதைக்கிறார். நின்ற நிலையிலிருந்து எழும் முதல் மூன்று நான்கு எட்டுகள் ஓட்டத்தையே ஒத்துக் குறுகியனவாகவும் விரைவானவையாகவும் அமைய, அதன் பின்னரே நீண்ட சறுக்கு எட்டுகள் தொடங்குகின்றன. முழங்காலையும் இடுப்பையும் ஆழமாக மடித்து உடலைத் தாழ்த்தி வைத்திருப்பவரின் உதை நீண்ட தூரம் செயற்படுகிறது. நிமிர்ந்து செல்பவரின் உதை விரைவில் முடிந்துவிடுகிறது. இத்தாழ்நிலையைத் தாங்கும் தொடையின் முன்தசைகளும், காலைப் பக்கவாட்டில் விரிக்கும் பிட்டத் தசைகளும், விரிந்த காலை மீட்டு உடலின் கீழ்க் கொண்டுவரும் உட்தொடைத் தசைகளுமே சறுக்கலின் பொறிகளாகும். வலு என்பது ஓரலகு நேரத்தில் செய்யப்படும் வேலையாதலால், பெருஞ்சுமையைத் தூக்கும் பலம் மட்டும் இங்குப் போதாது. அப்பலம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வெளிப்பட வேண்டும். ஆட்டக்காரர் ஒருவர் தளத்தில் தொடர்ந்து ஆடுவது ஒரு முறைக்கு ஏறத்தாழ முக்கால் நிமிடமே. அதன்பின் இருக்கைக்குத் திரும்பி இளைப்பாறி மீண்டும் இறங்குகிறார். ஆகவே குறுகிய நேரத்தில் உச்ச வலுவை வெளிப்படுத்துவதும், அவ்வலு ஆட்டத்தின் கடைசிப் பகுதியிலும் குன்றாதிருப்பதுமே பயிற்சியின் இரு குறிக்கோள்களாகின்றன.

இவ்விளக்கம் எதுவும் ஆட்டத்தின் தொடக்ககாலத்தவருக்குத் தேவைப்படவில்லை. 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் மொன்றியலின் விக்டோரியா சறுக்கு மண்டபத்தில் ஜேம்ஸ் கிரைற்றன் ஒழுங்குசெய்த, அணிக்கு ஒன்பது பேர் கொண்ட ஆட்டமே உள்ளரங்கில் நடைபெற்ற முதலாவது ஒழுங்கமைந்த ஐஸ் ஹொக்கி ஆட்டமாகப் போற்றப்படுகிறது. 1917இல் தேசிய ஹொக்கி லீக் நிறுவப்பட்ட பின்னரும், கனேடியச் சிறுவன் ஆற்றிலும் குளத்திலும் வீட்டுப் பின்வளவிலும் உறைந்து கிடந்த பனியில் மணிக்கணக்காகச் சறுக்கியே ஆட்டக்காரனானான். சறுக்குவதற்குரிய பயிற்சி சறுக்குவதே என்ற நம்பிக்கை அங்கு ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயிருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்கள்கூட ஊதியம் போதாமையால் கோடையில் பண்ணையிலோ தொழிற்சாலையிலோ வேறு வேலை பார்த்துவிட்டு, இலையுதிர்காலப் பயிற்சி முகாமுக்கு வந்த பின்னரே உடலைச் சீர்செய்துகொண்டனர்.

அந்நாட்டில் மாற்றுக்குரல் எழாமலில்லை. ரொறன்ரோவைச் சேர்ந்த லொயிட் பேர்சிவல், 1944 முதல் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வானொலியில் இளைஞருக்கு விளையாட்டுப் பயிற்சியைக் கற்பித்தவர். அவர் 1951இல் வெளியிட்ட ஹொக்கிக் கைந்நூல், சறுக்கலின் இயக்கமுறையைப் பகுத்தாய்ந்ததோடு, ஆட்டக்காரரின் உணவு, உடற்பயிற்சி, ஓய்வு ஆகியவற்றையும் பயிற்சியின் உறுப்புகளாகக் கொண்டது. தேசிய லீக்கின் பயிற்றுநர்கள் அந்நூலைப் புறந்தள்ளினர். சோவியத் பயிற்றுநர்களோ அதைத் தேடிப் படித்தனர். அவர்களுள் தலைசிறந்தவரான அனற்றோலி தரசோவ் தாம் அந்நூலுக்குப் பட்ட கடனைப் பின்னாளில் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார். தன் நாட்டார் கேளாத ஆசிரியனை ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளோர் கேட்டது ஹொக்கி வரலாற்றின் போக்கையே மாற்றியது.

சோவியத் ஒன்றியத்தில் இவ்வாட்டம் மிகப் பிந்தியே தொடங்கியது. அதற்குமுன் அங்கு ஆடப்பட்டது ரஷ்ய ஹொக்கி எனப்படும் பாண்டி. கால்பந்துத் திடலளவான திறந்த பனிவெளியில் சிறு பந்தைக் கொண்டு, அணிக்குப் பதினொருவராக ஆடும் ஆட்டம் அது. 1946 டிசம்பர் 22ஆம் நாள் தொடங்கிய முதலாவது தேசியச் சுற்றுப்போட்டியில் இறங்கியவர்களுட் பலர் கோடையில் கால்பந்தும் குளிர்காலத்தில் பாண்டியும் ஆடிப் பழகியவர்கள். அவர்களுள் வெசெவலோத் பொப்ரோவ் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நாட்டின் கால்பந்து அணிக்கும், 1956 கோர்த்தினா ஒலிம்பிக்கில் ஐஸ் ஹொக்கி அணிக்கும் தலைமை தாங்கினார். இரு பருவங்களிலும் இரு வேறு ஆட்டங்களை ஆடிய இம்மரபே, பனியில் தேவைப்படும் உடலைப் பனிக்கு வெளியேயும் ஆக்கமுடியும் என்பதற்கு அங்குக் கிடைத்த முதற் சான்று.

அக்காலத்தில் மொஸ்கோ அணிகள் இயற்கைப் பனியையே நம்பியிருந்தன. முழு அளவிலான உள்ளரங்கப் பனித்தளத்தைக் கொண்ட லுஷ்னிகி விளையாட்டு மாளிகை 1956இல்தான் திறக்கப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி பனியின்றிக் கழிந்த அச்சூழ்நிலையில், 1918இல் பிறந்த தரசோவ் இராணுவ விளையாட்டுக் கழக அணியின் பொறுப்பை ஏற்று, நிலத்தையே தம் பயிற்சிக்களமாக மாற்றினார். தோழனைத் தோளில் சுமந்தபடி குந்தியெழுதல், அச்சுமையுடனேயே துள்ளுதல், வரிசையாக வைத்த வாங்குகளை இருகாலாலும் தாண்டுதல், கரணமடித்து எழுந்த கணமே பந்தைப் பற்றுதல், எடைத் தகடுகளை ஏந்திப் பக்கவாட்டில் பாய்தல், பளு தூக்குதல், இவற்றுடன் கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து ஆகிய ஆட்டங்கள் என அவரது பயிற்சிநாள் நிறைந்திருந்தது. உடல் களைத்த நிலையிலும் சூழலைக் கவனித்து முடிவெடுக்கும் திறனை வளர்ப்பதே அவரது நோக்கமாதலால், தனிப் பளுப்பயிற்சியைவிட, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று செயல்களைக் கோரும் பயிற்சிகளையே அவர் பெரிதும் விரும்பினார். கனேடியரைப் பின்பற்றுவோர் என்றும் அவர்களுக்குப் பின்னாலேயே நிற்க நேரும் என்பது அவரது உறுதியான கருத்தாக இருந்தது. சோவியத் ஹொக்கியின் தனித்தன்மை அவ்வுறுதியிலிருந்தே பிறந்தது.

விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. 1954இல் ஸ்ரொக்ஹோமில் முதன்முறையாக உலகப் போட்டியில் பங்கேற்ற சோவியத் அணி, கனடாவை 7-2 என வென்று பட்டம் பெற்றது. 1963 முதல் 1971 வரை தொடர்ச்சியாக ஒன்பது உலகப் பட்டங்களையும், 1964, 1968, 1972 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் தங்கங்களையும் அந்நாடு பெற்றபோது, தரசோவும் ஆர்க்காதி செர்னிஷோவும் இணைந்து அதன் பயிற்றுநர்களாக விளங்கினர். உயரத்தில் குறைந்த வலேரி கர்லாமோவ் தன்னிலும் பருத்த தடுப்பாட்டக்காரரைத் திடீர் வேகமாற்றத்தால் கடந்து சென்றது, அப்பயிற்சி எதனை ஆக்கியது என்பதற்கு இன்றளவும் காட்டப்படும் எடுத்துக்காட்டாகும்.

இதே காலத்தில் மொஸ்கோவின் தடகளப் பயிற்றுநரான யூரி வெர்கோஷான்ஸ்கி நிலப்பயிற்சிக்கு மற்றோர் அடித்தளத்தை இட்டார். குதிப்பு வீரர்களைப் பயிற்றுவித்த அவர், உயரமான மேடையிலிருந்து கீழிறங்கித் தரையைத் தொட்ட கணமே மேனோக்கி எழும் குதிப்பை 1960களில் முறைப்படுத்தினார். ஏறத்தாழ முக்கால் மீற்றர் முதல் ஒரு மீற்றருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து இறங்கும்போது தசை வலிந்து நீட்டப்படுகிறது. அந்நீட்சியில் தசைநாண்களில் சேமிக்கப்படும் மீள்சக்தியும், நீட்சிக்கு எதிராக நரம்பமைப்பு அனுப்பும் உடனடித் தூண்டலும் சேர்ந்து, உடனே தொடரும் சுருக்கத்தை வலுப்படுத்துகின்றன. பளுதூக்கலால் பலம் பெற்ற காலை விரைவாகச் செயற்படப் பழக்கும் இம்முறை தடகளத்திலிருந்து ஏனைய ஆட்டங்களுக்கும் பரவி, ஹொக்கியில் பக்கவாட்டுத் துள்ளல்களாக மாற்றமடைந்தது. முன்னரே பல ஆண்டு பளுப்பயிற்சி பெற்றவருக்கே இது உரியது என அவர் வலியுறுத்தியதை மறந்து, இளம் பிள்ளைகளை உயரத்திலிருந்து குதிக்கவைக்கும் பயிற்றுநர்கள் முழங்கால்களுக்கே தீங்கிழைக்கின்றனர்.

கனடா கண் விழித்த ஆண்டு 1972. அவ்வாண்டு செப்ரெம்பரில் தேசிய லீக்கின் முன்னணி ஆட்டக்காரர்களைக் கொண்ட கனேடிய அணியும் சோவியத் அணியும் எட்டு ஆட்டங்களில் மோதின. கோடை ஓய்வை முடித்து ஓகஸ்ற் நடுப்பகுதியில் பயிற்சி முகாமுக்கு வந்த கனேடியர், செப்ரெம்பர் 2ஆம் நாள் மொன்றியலில் நடந்த முதலாட்டத்தின் தொடக்க நிமிடங்களில் 2-0 என முன்னிலை பெற்றும், இறுதியில் 7-3 எனத் தோற்றனர். ஆட்டம் செல்லச்செல்ல ஒரு தரப்பின் கால்கள் தளர, ஆண்டு முழுதும் நிலத்தில் உழைத்த மறுதரப்பின் கால்கள் முதல் நிமிடத்திற்போலவே இயங்கின. கடைசி ஆட்டத்தின் இறுதி நிமிடத்தில் போல் ஹென்டர்சன் அடித்த கோலால் கனடா அத்தொடரை நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஒரு சமநிலை எனக் கைப்பற்றியது உண்மையே; எனினும் முகாமுக்கு வந்து உடலைச் சீர்செய்யும் பழைய வழக்கத்தின் முடிவு அம்முதலாட்டத்திலேயே தொடங்கிவிட்டது. பிலடெல்பியா அணியின் பயிற்றுநர் பிரெட் ஷீரோ தரசோவின் எழுத்துகளைக் கற்று, 1974, 1975 ஆகிய ஆண்டுகளில் தேசிய லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றார். 1974இல் தரசோவே ரொறன்ரோவிலுள்ள ஹொக்கிப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

வட அமெரிக்காவில் நிலப்பயிற்சிக் கருவிகள் பெருகியதில் வேகச் சறுக்கு வீரர்களுக்கும் பங்குண்டு. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் 500 மீற்றர் முதல் 10,000 மீற்றர் வரை ஐந்து தூரங்களிலும் தங்கம் வென்ற எரிக் ஹைடன், டயான் ஹோலமின் வழிகாட்டலில், தாழ்ந்து குந்திய நிலையில் நடத்தல், மிதிவண்டி ஓட்டல், சறுக்குப் பலகைப் பயிற்சி ஆகியவற்றால் தம் கால்களை ஆக்கியவர். சறுக்குப் பலகை என்பது இரு முனைகளிலும் தடுப்புக் கொண்ட வழவழப்பான பலகையாகும். காலுறை அணிந்தவர் ஒரு தடுப்பை உதைத்து மறுமுனைக்குச் சறுக்கி, அங்கிருந்து மீண்டும் உதைத்துத் திரும்புகிறார். விலை மலிவான இப்பலகை, சறுக்கலின் பக்கவாட்டு உதையை ஏறத்தாழ அப்படியே தரைக்குக் கொண்டுவருவதால், பிற்காலத்தில் வந்த விலையுயர்ந்த பொறிகள் பலவற்றைவிடப் பயனுள்ளது எனத் துணிந்து கூறலாம். அதே 1980இல் மினசோட்டாவின் ஹொக்கி ஆட்டக்காரரான ஸ்கொட் ஒல்சன், கோடையிலும் சறுக்கிப் பயில்வதற்காக, ஒரே வரிசையில் சில்லுகள் பொருத்திய காலணியைச் சீர்படுத்தி விற்கத் தொடங்கினார். நிலப்பயிற்சிக்கென எழுந்த அக்காலணி பத்தாண்டுகளுள் உலகெங்கும் தெருவிளையாட்டாகியது.

பயிற்சியைத் தொடர்ந்து அளவீடு வந்தது. இஸ்ரேலின் விங்கேற் நிறுவகத்தில் 1970களில் உருவான முப்பது நொடி மிதிவண்டிச் சோதனை, கால்களின் உச்ச வலுவையும் அது குன்றும் வீதத்தையும் காட்டுவதாதலால், தேசிய லீக்கில் சேரவிருக்கும் இளைஞரை ஆண்டுதோறும் மதிப்பிடும் முகாமில் நிலைத்த இடம் பெற்றுள்ளது. நின்ற நிலையிலிருந்து நீளமாகவும் உயரமாகவும் பாய்தலும் அங்கு அளக்கப்படுகின்றன. இவ்வெண்கள் பயனுடையவையே, ஆயினும் மிதிவண்டியை நன்கு மிதிப்பவர் அனைவரும் நன்கு சறுக்குவதில்லை.

இம்முறைகளின் விலையையும் சொல்லாது விடுவது நேர்மையாகாது. 1977இல் சோவியத் அணியின் பொறுப்பை ஏற்ற விக்ரர் திகோனோவின் காலத்தில், ஆட்டக்காரர்கள் குடும்பத்தைப் பிரிந்து ஆண்டின் மிகப் பெரும்பகுதியைப் பயிற்சித் தளத்திலேயே கழிக்க நேர்ந்தது. அவ்வடக்குமுறையை எதிர்த்து அவ்வணியின் ஆட்டக்காரர் இகோர் லரியோனோவ் 1988இல் 'ஒகொன்யோக்' இதழில் வெளிப்படையான மடல் எழுதினார். மறு ஆண்டே அவரும் அணித்தோழர் வியாச்சஸ்லாவ் ஃபெதிசோவும் வட அமெரிக்கா சென்று தேசிய லீக்கில் ஆடத் தொடங்கினர். உலகம் வியந்த அக்கால்களுக்கு உரியவர்கள், தம் நாளைத் தாமே அமைத்துக்கொள்ளும் உரிமையற்றவர்களாக இருந்தனர் என்பதை நிலப்பயிற்சியைப் போற்றுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆட்டக்களத்துக்கு வெளியே உடலை ஆக்கும் எண்ணம் தென்னாசியாவுக்குப் புதிதன்று. மல்லர்கள் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவற்றால் தம்மை ஆயத்தப்படுத்தினர். அவற்றுள் கர்லாக்கட்டைப் பயிற்சியைப் பிரித்தானியப் படையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து கற்றுச் செல்ல, அது ஐரோப்பிய, அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களில் பரவி 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளிலும் இடம்பெற்றது. முழங்காலை மடித்துக் குந்தி விரைந்தெழும் பஸ்கியோ, சறுக்குபவரின் தாழ்நிலைக்கு வேண்டிய தொடைத் தசைகளையே நேராக வளர்ப்பதாகும். மட்டக்களப்பில் வடமோடிக் கூத்தில் ஆடுவோர் அண்ணாவியாரின் கீழ்ப் பல மாதங்கள் பழகிய பின்னரே அரங்கேறுகின்றனர். விடியும்வரை துள்ளியும் சுழன்றும் ஆடவல்ல அவர்களின் கால்கள் அப்பழக்கத்தில் ஆனவையே.

பனிச்சங்கேணியின் கடற்கரை மணலும் இங்குக் கருதத்தக்கது. மணலில் ஓடுவதற்குக் கடினத் தரையில் ஓடுவதைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்பது 1998இல் பெல்ஜிய ஆய்வாளர் வெளியிட்ட அளவீடு. கால் புதைகையில் மணல் நகர்ந்து ஆற்றலை விழுங்குவதோடு, தசைநாணின் மீள்சக்தியையும் பெருமளவு வீணாக்கிவிடுவதால், ஒவ்வோர் எட்டையும் தசை தன் உழைப்பினாலேயே உந்த வேண்டியுள்ளது. அவுஸ்திரேலியப் பயிற்றுநர் பேர்சி செருற்றி போட்ஸீயின் மணற்குன்றுகளில் ஓடவைத்துப் பயிற்றிய ஹேர்ப் எலியட் 1960 ரோம் ஒலிம்பிக்கின் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வெர்கோஷான்ஸ்கியின் குதிப்புக்கு உறுதியான தரை தேவையாதலால் மணல் அதற்கு மாற்றாகாது. ஆனால் முதல் எட்டுகளின் உந்துவலுவை வளர்ப்பதற்கும், மூட்டுகளை அதிர்ச்சியிலிருந்து காப்பதற்கும் அது ஏற்றது.

நம் அயலில் இவ்வரலாறு உயிருடன் நிகழும் இடம் லடாக். இந்தியாவில் சிம்லாவின் சறுக்குத் தளம் 1920இலேயே இயற்கைப் பனியைக்கொண்டு அமைக்கப்பட்டதாயினும், ஐஸ் ஹொக்கி வேரூன்றியது ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரத்திலுள்ள லே நகரில், படைமுகாம்களைச் சூழ்ந்தே. லடாக் குளிர்கால விளையாட்டுக் கழகம் 1985இல் தோன்றியது. இந்திய ஐஸ் ஹொக்கிச் சங்கம் 1989இல் சர்வதேசச் சம்மேளனத்தில் இணைந்தது. லேயிலுள்ள கர்சூ குளம் உறைந்திருப்பது டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான குறுகிய காலமே ஆகையால், எஞ்சிய மாதங்களில் மலைப்பாதை ஓட்டம், உடற்பயிற்சி, சில்லுக் காலணிச் சறுக்கல் ஆகியவற்றால் உடலைக் காப்பதன்றி ஆட்டக்காரர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. தரசோவின் மொஸ்கோ எதிர்கொண்ட தட்டுப்பாடு இங்கு மேலும் கடுமையாகவும், அரச வளங்களின் பின்பலம் பெரிதும் இன்றியும் அமைந்தது. இந்தியப் பெண்கள் அணி 2016இல் தாய்ப்பேயில் தன் முதலாவது ஆசியப் போட்டியில் பங்கேற்று ஓர் ஆட்டத்தையும் வெல்லாது திரும்பி, மறு ஆண்டு பாங்கொக்கில் பிலிப்பைன்சை 4-3 என வென்று முதல் வெற்றியைப் பெற்றது. அண்மை ஆண்டுகளில் லேயில் செயற்கைப் பனித்தளம் அமைந்து, 2024 பெப்ரவரியில் தேசியக் குளிர்கால விளையாட்டுகள் அங்கு நடைபெற்றன. 2025 ஜூன் மாதத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நிறைவுபெற்ற ஆசியக் கிண்ணப் போட்டியில் அப்பெண்கள் அணி வெண்கலம் வென்றது. அதில் ஆடியோருட் பெரும்பாலோர் லடாக்கிலும் ஹிமாச்சலின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கிலும், குளம் உறையும் நாளுக்காகக் காத்திருந்து சறுக்கக் கற்றவர்கள்.